கறையும் பட்டும்

கல்வி மனிதனுக்குத் தன்னம்பிக்கையைத் தருகின்றது என்பர். அதனோடு சிறிது அவசரத்தையும் தருகின்றது என்பதை யான் ஒரு பட்டுப் புடைவையிடம் கற்றுக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பயிலத் தொடங்கிய முதலாண்டு விடுமுறை அது. அக்காவின் திருமணத்திற்குப் பத்து நாட்களே இருந்தன. அம்மம்மாவின் நினைவாகப் பேணிவந்த வெண்பட்டுப் புடைவையை அன்று உடுப்பதற்கென அம்மா வெளியே எடுத்து வைத்திருந்தார். அதன்மீது சொதியைக் கவிழ்த்தவன் யானே. அம்மா கோயிலுக்குச் சென்றிருந்தார். அவர் திரும்புமுன் தடயத்தை அழித்துவிட எண்ணிக் கிணற்றடிக்கு ஓடி, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தைத் தேய்த்தேன். மஞ்சட் கறை கணப்பொழுதிற் சிவந்தது. திகைத்து மேலும் அழுத்தித் தேய்த்தேன். பட்டின் பளபளப்பு அவ்விடத்தில் மங்கியதே கண்ட பலன்.

மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் காரத்திற் சிவக்கும், அமிலத்தில் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சள் தோய்த்த தாளைக் காட்டியாகப் பயன்படுத்தி இதனை ஆய்வுகூடத்திற் கண்டவன் யான். சவர்க்காரக் கரைசல் காரத்தன்மை உடையது என்பதும் அறிந்ததே. பட்டோ புரதத்தாலாயது; வன்காரமும் குளோரீன் கலந்த வெளிற்றுபொருளும் அதனைச் சிதைப்பன. நனைந்த பட்டிழை உலர்ந்ததிலும் வலுக்குறைந்தது. பாடமாக அறிந்திருந்த இவற்றுள் ஒன்றேனும் அவ்வேளையில் நினைவுக்கு வரவில்லை.

அம்மா வந்து பார்த்தார், ஏசவில்லை. "தம்பி, கறையோடை சண்டை பிடிக்காதை. காயப்படுறது சீலைதான்" என்றார்.

புடைவையைக் குளிர்ந்த நீரிற் பலமுறை அலசினார். ஒரு சட்டி நீரிற் சிறிது வினாகிரி கலந்து, முதலில் உள்மடிப்பின் ஓரத்திற் பரீட்சித்தபின், கறைபட்ட இடத்தை அதில் நனைத்தார். சிவப்பு நீங்கி மஞ்சள் மீண்டது. சொதியின் தேங்காய்ப்பால் விட்ட எண்ணெய்ப் பசையை, நீரிற் கரைத்த சில துளி ஷாம்பூவினால், தேய்க்காது ஒற்றி ஒற்றி அகற்றினார். எஞ்சிய மஞ்சளைக் காலை வெயிலிடம் ஒப்படைத்தார். குர்க்குமின் ஒளியிற் சிதைவதாகலின், நாளுக்கு நாள் அது வெளிறியது. புடைவையின் ஏனைய பகுதியைத் துணியால் மூடி, கறையை மாத்திரம் சிறிது நேரம் வெயில் காணச்செய்தார்.

ஆறாம் நாள், உற்று நோக்குவார்க்கு மட்டும் தெரியும் ஒரு மங்கல் எஞ்சியிருந்தபோது, அவர் புடைவையை மடித்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் காயவிட்டால் முற்றாகப் போய்விடும் என யான் வாதாடினேன். "கறை போறதுக்கு முன்னம் பட்டுப் போயிடும்" என்றார். அதுவும் உண்மையே, குர்க்குமினைச் சிதைக்கும் அதே ஒளி பட்டையும் நலிவிக்கும்.

திருமணத்தன்று அம்மா அம்மங்கல் கொய்யகத்தினுள் மறையுமாறு அதனையே உடுத்தினார். இன்று அவர் இல்லை. புடைவை என் அலுமாரியில் இருக்கின்றது. பிள்ளைகளின் தவறுகளைத் திருத்த முனையும் வேளைகளில், எதுவரை தேய்க்கலாம் என்னும் ஐயம் எனக்கு எழுவதுண்டு. அப்பொழுதெல்லாம் அதனை எடுத்து விரித்துப் பார்க்கின்றேன். மங்கல் அங்கேயே இருக்கின்றது. பட்டு இன்னும் இற்றுப்போகவில்லை.