தந்தையார் விட்டுச்சென்ற மோரிஸ் மைனர்

தோட்டத்துக் கிராணிமார்களும் ஆசிரியர்களும் ஒருகாலத்தில் விரும்பி ஓட்டிய மகிழுந்துகளுள் மோரிஸ் மைனரும் ஒன்று. 1948-ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். பின்னாளில் மினி மகிழுந்தைத் தந்தவரும் அவரே. 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மோரிஸ் மைனர்கள் உருவாயின.

கிராணியாகப் பணியாற்றிய எங்கள் தந்தையார் விட்டுச்சென்றது 1965-ஆம் ஆண்டின் வண்டி, 1098 சி.சி. இயந்திரம் கொண்டது. பல்லாண்டுகள் கொட்டகையில் துருவேறிக் கிடந்த அதனை, இப்பள்ளியில் பயின்ற உடன்பிறப்புகளாகிய நாங்கள் மூவரும் ஈராண்டுகள் பாடுபட்டுப் புதுப்பித்தோம். புதுச்சாயத்துடன் அது வாசலில் நின்றபோது அண்டை அயலார் அனைவரும் வந்து பார்த்து மகிழ்ந்தனர். சின்னஞ்சிறு தொல்லைகள் அதன் பின்னரே தொடங்கின.

ஒருநாள் அன்னையாரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று இரவு திரும்புகையில், செம்பனைகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. எண்பதைக் கடந்த அன்னையார் அவ்விருளில் காத்திருக்க நேர்ந்தது. எங்களுள் மூத்தவர், "இனி விற்றுவிடுவோம்" என்றார். அன்னையார் மறுமொழி கூறவில்லை. தந்தையார் அமரும் இருக்கையை ஒருமுறை தடவிப் பார்த்தார். அதன்பின் விற்பதைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, இவ்வண்டியின் பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என ஒலித்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்ததும் அடங்கிவிடும். ஓயாது ஒலித்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், அன்றிக் குழாய் இணைப்பில் காற்றுப் புகலாம். ஒலியே எழாவிடில், பம்பினுள் ஒன்றையொன்று தொட்டு விலகும் உலோக முனைகளில் கரி படிந்திருக்கக்கூடும். அன்றிரவு ஒலியே இல்லை. ஸ்பேனரின் பிடியால் பம்பை மெல்லத் தட்டினோம்; உடனே ஒலித்தது. வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் பேட்டரி இணைப்பை நீக்கி, பம்பைத் திறந்து, அம்முனைகளுக்கிடையே தாள் ஒன்றைச் செருகி இழுத்துத் துடைத்தோம். செலவு ஒரு காசும் இல்லை!

பின்விளக்கின் பழுதுதான் எங்களைப் பெரிதும் அலைக்கழித்தது. பிரேக்கை மிதித்தவாறு திரும்பும் விளக்கைப் போட்டால், இரண்டும் மங்கி மினுக்கின. பல்புகளோ நல்லவை. பேட்டரியின் ஒரு முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். விளக்குக்குச் சென்ற மின்சாரம் அவ்வுடல் வழியாகவே திரும்ப வேண்டும். இக்கால வண்டிகளில் எதிர்முனை உடலோடு இணைந்திருக்க, இதில் நேர்முனை இணைந்திருக்கிறது. பேட்டரி மாற்றுவோர் இதனை இருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

நீண்ட வயர் ஒன்றை எடுத்து, ஒரு நுனியை விளக்கின் அடித்தகட்டிலும் மறுநுனியைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைத்துப் பார்த்தோம். விளக்கு பளிச்சென எரிந்தது! மின்சாரம் திரும்பும் வழிதான் அடைபட்டிருந்தது. விளக்கைக் கழற்றினோம், அதன் அடியில் வண்டிக்குப் பூசிய அதே புதுச்சாயம் தடிப்பாகப் படிந்திருந்தது. கண்ணுக்கு அழகூட்டிய சாயம் மின்சாரத்துக்குச் சுவராக நின்றது. காசளவு இடத்தை உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, மீண்டும் துருவேறாதிருக்கச் சிறிது கிரீஸ் தடவி, விளக்கை இறுக்கிப் பூட்டினோம். இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரர் நம்மைக் காண்பது அந்தக் காசளவு இடத்தைப் பொறுத்தது என்றால் வியப்பன்றோ!

கதவுக் கைப்பிடியின் ஆட்டமும் கண்ணாடியின் கடகடப்பும் அரைநாள் வேலைதான். மழைநீர் கசியும் இடத்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் பக்கம் பக்கமாக நீர் ஊற்றிப் பார்த்து வருகிறோம்; இடப்பக்கம் முடிந்தது, வலப்பக்கம் எஞ்சியுள்ளது. அதுவரை அன்னையார் மழைக்காலத்தில் மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டே கோயிலுக்கு வருகிறார்.