பாற்சங்கு

நுழையும்முன்

இரக்கம் இயல்பாக எழுவது. பேணுதல் கற்றுக்கொள்ள வேண்டியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை, தாயை இழந்த இரு பூனைக்குட்டிகளிடம் கற்றுக்கொண்ட ஆசிரியர் ஒருவரின் அனுபவம் இது.

காரைக்காலில் பிறந்தவர்களுக்கு, பசித்தோர்க்கு உணவிடுதலைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றை எடுத்து, பசித்து வந்த சிவனடியாருக்குப் படைத்த புனிதவதியார் எங்கள் ஊரவர். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மக்கள் மாங்கனிகளை இறைப்பர். பசித்தவர்க்கு இருப்பதைக் கொடுத்தால் போதும் என்னும் எண்ணத்தோடுதான் நானும் வளர்ந்தேன். அது போதாது என்று எனக்கு உணர்த்தியது, உள்ளங்கைக்குள் அடங்கிய ஓர் உயிர்.

அது ஐப்பசி மாதம். அடைமழையில் அரசலாறு செந்நீராய்க் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் உலவிய சாம்பல் நிறப் பூனையொன்று சாலையில் வண்டியில் அடிபட்டு இறந்ததை முதல்நாள் கண்டிருந்தேன். மறுநாள் மாலை, கொல்லைப்புறத்தில் அடுக்கியிருந்த விறகுக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. விலக்கிப் பார்த்தால் இரண்டு குட்டிகள். ஒன்று வெள்ளை, மற்றொன்று தாயைப் போலவே சாம்பல் வரி. கண்கள் அப்போதுதான் திறந்திருந்தன. இரண்டும் நனைந்து, குளிர்ந்து கிடந்தன.

உள்ளே கொண்டுவந்தேன். அம்மா பழைய பெட்டியைத் திறந்து, நானும் என் தங்கையும் பால் குடித்த வெள்ளிச் சங்கை எடுத்துத் தந்தார். பசும்பாலைக் காய்ச்சி, ஆற்றி, குழந்தைக்கு ஊட்டுவதுபோலவே குட்டிகளை மடியில் மல்லாத்திச் சங்கால் புகட்டினேன். வயிறு உருண்டு திரளும்வரை குடித்தன. பெரும் அறம் ஒன்றைச் செய்து முடித்தவன்போல அன்றிரவு உறங்கச் சென்றேன்.

விடிந்தபோது துணியெல்லாம் மஞ்சள் நீராக நனைந்திருந்தது. குட்டிகள் ஓயாமல் கத்தின. பசியால் கத்துகின்றன என்று எண்ணி மேலும் பால் கொடுத்தேன். கத்தக் கத்தக் கொடுத்தேன். அன்று இரவு வெள்ளைக் குட்டிக்குக் குடித்த பால் மூக்கின் வழியே வந்தது. அதன்பின் அது கத்தவில்லை. குரல் அடங்கியதை நலம் என்று கருதினேன். விடியற்காலையில் அது விறைத்துக் கிடந்தது. முருங்கை மரத்தடியில் மழையோடு மழையாக அதைப் புதைத்தேன்.

சாம்பல் குட்டியைக் கூடையிலிட்டு, துணியால் மூடிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றேன். அந்த அம்மையார் குட்டியின் கழுத்துத் தோலை மெல்ல இழுத்து விட்டார். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மடிப்பாகவே நின்றது.

"உடலில் நீர் வற்றிவிட்டது ஐயா. என்ன கொடுத்தீர்கள்?"

சொன்னேன். எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவர் அமைதியாக விளக்கியவை ஒவ்வொன்றும் என் தவறுகளின் பட்டியலாகவே இருந்தன.

பூனையின் பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு. அவற்றை நோக்கப் பாற்சர்க்கரை மிகுதி. செரியாமல் தங்கும் அச்சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துக் கழிச்சலை உண்டாக்கும். மேலும், இரு வாரக் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. குளிர்ந்த குட்டியின் குடல் ஒழுங்காக இயங்காது. அப்போது ஊட்டும் பால் வயிற்றிலேயே தேங்கும். மனிதக் குழந்தையைப்போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். தாயிடம் குடிக்கும்போது கிடப்பதுபோல் குப்புறக் கிடத்தி, தலையைச் சற்றே உயர்த்தித்தான் ஊட்ட வேண்டும். அந்த வயதில் சிறுநீரும் மலமும்கூடத் தானாகக் கழியா. தாய் நாவால் நக்கித் தூண்டினால்தான் கழியும். தாய் இல்லாதபோது, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் நாம் அதைச் செய்ய வேண்டும்.

"முதலில் வெப்பம், அடுத்து நீர், அதன் பிறகே உணவு. இந்த வரிசை மாறக் கூடாது" என்றார்.

நான் வரிசையைத் தலைகீழாக்கியிருந்தேன்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைப் பல்லாண்டுகள் நடத்தியவன் நான். முன்பு உண்டது செரித்ததை அறிந்து பின்பு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பது அங்கே வள்ளுவர் உரைக்கும் கருத்து. அதை உண்பவனுக்குரிய அறிவுரையாக மட்டுமே விளக்கி வந்தேன். தன்னால் செரிப்பறிந்து உண்ண இயலாத உயிருக்காக, ஊட்டுபவன் அதை அறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மருத்துவர் குட்டியின் உடலை வெதுவெதுப்பாக்கிய பின், தோலுக்கடியில் ஊசிவழியே நீர் ஏற்றினார். கழிச்சலில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் நீரிழப்பே. மனிதர்க்கும் இது பொருந்தும். 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் இருந்த பன்கான் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் நீர் தட்டுப்பட்டபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பருகச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். சர்க்கரை துணை நின்றால் குடல் உப்பை உறிஞ்சும். உப்பைப் பின்தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்லும். அக்கரைசலின் ஆற்றல் அதன் அளவில் அடங்கியிருக்கிறது. "மனிதர்க்கான பொட்டலத்தை வாங்கி நீங்களாகவே கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள்" என்று மருத்துவர் என்னை எச்சரித்ததும் அதனால்தான்.

வீட்டில் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிக் கூடையின் ஒரு பக்கத்தில் வைத்தேன். சூடு மிகுந்தால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் வெறுமையாக இருந்தது. பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் பால்மாவை வெளியூரிலிருந்து வரவழைத்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். அது கத்தியபோதெல்லாம் மேலும் கொடுக்கக் கை நீண்டது. முன்னது செரித்ததா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கையை மடக்கிக்கொண்டேன். கொடுப்பதைவிடக் கொடாமல் காத்திருப்பது கடினமாக இருந்தது.

முதல்நாள் எடை 170 கிராம். மறுநாள் 165. மூன்றாம் நாளும் 165. நள்ளிரவில் எழுந்து மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு முன்பே அம்மா கூடையருகே அமர்ந்திருப்பார்.

"இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்?" என்று ஓர் இரவு கேட்டார்.

"இன்னும் வைக்கவில்லை அம்மா" என்றேன். பெயரிட எனக்குத் துணிவில்லை.

நான்காம் நாள் தராசு 172 என்று காட்டியது. கழிச்சல் கெட்டிப்பட்டது. அதன்பின் நாளுக்குப் பத்துக் கிராம் அளவில் எடை கூடியது. உடல் தேறிய பிறகு, எடைக்கேற்பக் குடற்புழு மருந்தும் கொடுக்கப்பட்டது. தொல்காப்பிய மரபியல், வெருகு எனப்படும் காட்டுப்பூனையின் இளமைக்குக் 'குட்டி', 'பறழ்' ஆகிய பெயர்களை உரியனவாக்குகிறது. ஆகவே 'பறழ்' என்று பெயரிட்டேன். அம்மாவின் நாவில் அது 'பரலு' ஆயிற்று. அழைத்தால் அந்தப் பெயருக்குத்தான் அது ஓடிவந்தது.

பள்ளிக்குத் திரும்பியபின் ஒரு நாள், பின்வரிசை மாணவன் ஒருவன் நான் கேட்ட வினாவுக்கு விடையின்றி நின்றான். வழக்கம்போல் பாடத்தை இன்னும் உரக்க, இன்னும் விரிவாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். "காலையில் சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். அன்று அவனுக்கு முதலில் வேண்டியது பாடமன்று.

அடுத்த ஆனியில் மாங்கனித் திருவிழா வந்தது. வீதியெங்கும் கனிகள் பறந்தன. திண்ணையில் அமர்ந்திருந்த பறழ், தன்னருகே உருண்டுவந்த மாம்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் சென்றது. அம்மா சிரித்தார். எனக்கு முருங்கை மரத்தடி நினைவுக்கு வந்தது.

வெள்ளிச் சங்கை அம்மா துலக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். அதன்மேல் எனக்கு மனக்குறை இல்லை. அது எங்களை வளர்த்த சங்கு. அதை எந்த உயிருக்கு, எப்போது, எவ்வளவு நீட்டுவது என்பதை அறியாதிருந்தது என் கைதான்.