ஃப்ளெக்ஸ் பேனரும் ஒரு தாழ்ப்பாளும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. வழக்கமான காரணம் சோம்பேறித்தனம். இந்தத் தடவை கொஞ்சம் பயமும் சேர்ந்துக்கிச்சு. இது மொக்கை இல்லை மக்களே, முழுசா படிச்சிடுங்க.

அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி ஒருநாள் போனில் புலம்பினாள். துணி காயவைக்கிற ட்ரையரிலிருந்து சுவருக்குள்ளே ஒரு குழாய் வெளியே போகுதாம். அதில் பஞ்சு அடைச்சுக்கிட்டா தீப்பிடிக்குமாம். கேஸ் ட்ரையர்னா விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கிடுமாம். "எங்களுக்கு மொட்டை மாடிக் கொடியே போதும்மா, தருமபுரி வெயில் இலவசம்"னு நக்கல் அடிச்சேன். பத்தே நாளில் அந்த நக்கல் எனக்கே திரும்புச்சு.

எங்க வீட்டு பாத்ரூமுக்குள்ளே ஒரு கேஸ் கீசர் இருந்துச்சு. மேலே சின்னதா ஒரு வெண்டிலேட்டர். மார்கழிக் குளிர், போதாததுக்குக் கொசு. ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரை அளவா வெட்டி, நாலு பக்கமும் ஆணி அடிச்சு வெண்டிலேட்டரை மூடினேன். வேலை அவ்வளவு சுத்தம்! நானே என்னை மெச்சிக்கிட்டேன்.

அடுத்த ரெண்டு நாளும் குளிச்சிட்டு வந்த மகள் தலைவலின்னு சொன்னாள். "தலையைச் சரியா துவட்டலை"ன்னு அவ அம்மா திட்டினாங்க. மூணாம் நாள் காலையில் தண்ணிச் சத்தம் நிக்கவே இல்லை. கூப்பிட்டா பதிலும் இல்லை. கதவை உதைச்சேன். பழைய அலுமினியத் தாழ்ப்பாள், மூணாவது உதையில் பிய்ச்சுக்கிட்டு வந்துச்சு. புதுசா மாத்தணும்னு ஒரு வருஷமா தள்ளிப்போட்டிருந்தேன். மாத்தியிருந்தால்... வேணாம், அதை எழுத வரலை.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் லோ பிபியா இருக்கும்னு நாங்களே வைத்தியம் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூமில் கேஸ் கீசரா?" விரலில் மாட்டின கருவி ஆக்ஸிஜன் 98னு காட்டுச்சு. "அதை நம்பாதீங்க, கார்பன் மோனாக்ஸைடையும் அது ஆக்ஸிஜன்னுதான் காட்டும்"னு சொல்லி, உடனே ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டார். சாயங்காலம் மகள் எழுந்து டீ கேட்டாள். அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். மூடின அறையில் கீசர் எரிய எரிய ஆக்ஸிஜன் குறையும். குறைஞ்சதும் கேஸ் அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்ஸைடு வரும். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேலே இறுக்கமா ஒட்டிக்கும். சிலிண்டர் கசிஞ்சா நாத்தம் வருதே, அது கண்டுபிடிக்கறதுக்காக வேணும்னே கலக்கிற வாசனை. இதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வர்ற மாதிரி... அதுக்குள்ளே கால் துவண்டுடும். தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திறக்க முடியாது.

கரி அடுப்பிலும் இதே கதைதான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், அறைக்குள்ளே பார்பிக்யூ அடுப்பை வச்சிட்டுத் தூங்கின ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை.

இப்போ எங்க வீட்டில் கீசர் வெளிச்சுவருக்குப் போயிடுச்சு. பாத்ரூமுக்குள்ளே குழாய் மட்டும்தான் வருது. வெண்டிலேட்டரில் ஃப்ளெக்ஸுக்குப் பதிலா கொசுவலை. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒண்ணும் வாங்கி மாட்டியாச்சு. யாராவது இப்படி மயங்கி விழுந்தால் கேஸை மூடி, கதவைத் திறந்து, முதலில் வெளிக்காத்துக்குத் தூக்கிட்டு வாங்க. உடனே 108க்குப் போன் போடுங்க. கேஸ் கீசர்ங்கிறதையும் மறக்காமல் சொல்லுங்க.

தங்கச்சிக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். நக்கல் அடிப்பாள்னு நினைச்சேன். "அண்ணா, பாப்பாகிட்ட போனைக் குடு"ன்னு மட்டும் சொன்னாள்.

இதைப் படிச்சு முடிச்சதும் உங்க வீட்டு பாத்ரூம் வெண்டிலேட்டரை ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. என்னை மாதிரி யாராவது அங்கே சுத்தமா வேலை பார்த்திருக்கப் போறாங்க.