மெருகின் விலை

ஒரு பொருளைப் பேணுதலும் அதனைத் தேய்த்தலும் ஒன்றுக்கொன்று மாறானவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. வட்டுக்கோட்டையில் வாழும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தார். தமது கருநீலக் காரை நாள்தோறும் பேணியே தாம் பழுதாக்கி வந்தமை 2023ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுதிலேதான் அவருக்குப் புலனாயிற்று.

அக்கார் ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடியபின் இலங்கைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டில் அதனை வாங்கியபோது அவரைப் பெரிதும் கவர்ந்தது அதன் பளபளப்பேயாகும். ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதி அதற்கே செலவாயிற்று. 2020 மார்ச் மாதத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை பன்மடங்கு ஏறியது. எனவே அவரைப் பொறுத்தவரை அக்காருக்கு மாற்று வேறில்லை. மனைவியை மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் அதிலேதான். அதைக் கண்ணின் மணியெனக் காத்ததில் வியப்பொன்றுமில்லை. காலையில் தேநீர் அருந்தியதும் பழைய வேட்டித் துண்டொன்றை எடுத்துப் பொனற்றில் படிந்த தூசியைத் துடைப்பது அவருக்கு நித்திய கருமமாயிற்று.

குறித்த அந்த மாலையில், மேற்கே சாய்ந்த வெயில் பொனற்றின் மீது விழுந்தது. சூரியனின் பிம்பத்தைச் சூழச் சிலந்திவலை போன்று எண்ணிறந்த மெல்லிய வட்டக் கோடுகள் தோன்றின. அவர் ஓரடி நகர்ந்தார். வலையும் உடன் நகர்ந்தது. பல்லாண்டுகள் ஒளியியல் கற்பித்தவர்க்கு இதன் காரணம் உடனே விளங்கிற்று. கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. அவை எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றிக் கிடப்பவை. ஒளிவரும் திசைக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மாத்திரமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புகின்றன. ஆதலால் ஒளியின் பிம்பத்தைச் சுற்றி வட்டங்கள் அமைந்தாற்போன்ற தோற்றம் உண்டாகின்றது. தோற்றத்தின் காரணம் விளங்கிய அதே கணத்தில் கீறல்களின் காரணமும் விளங்கியது. தெருப்புழுதியிலுள்ள படிகமணல் எந்தப் பூச்சையும் விட வன்மை மிக்கது. உலர்ந்த துணிக்கும் பூச்சுக்கும் இடையே அம்மணலை வைத்து ஐந்தாண்டுகள் தேய்த்தவர் வேறெவருமல்லர், அவரே.

ஊரில் வாகனங்களுக்கு நிறம் பூசும் தொழிலாளர் ஒருவரை அவர் அழைப்பித்தார். அறுபதை அணுகும் அத்தொழிலாளர் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகிய பிரித்தானியக் கார்களிலே தொழில் பழகியவர். 1950களில் வந்திறங்கிய அக்கார்கள், இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும் பின்னர் போரினாலும் மாற்றீடின்றிக் குடாநாட்டில் நிலைத்துவிட்டன. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலே ஓடியவையும் அவையே. அவற்றின் நிறப்பூச்சு மேற்பரப்பு வரை நிறமே கொண்டது. தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். தேய்ந்துபோனால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். அக்கார்கள் எத்தனை முறை நிறம் மாறின என்பதற்குக் கணக்கேயில்லை.

1980களிலிருந்து பரவலான பூச்சுமுறையோ வேறு. துருக்காப்புப் பூச்சு, அடிப்பூச்சு ஆகியவற்றின் மேல் மெல்லிய நிறப்படையும், அதற்கு மேல் நிறமற்ற தெளிந்த மேற்பூச்சும் அமைகின்றன. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்கிரோமீற்றர் வரையிலான தடிப்பே கொண்டவை. அதில் தெளிந்த மேற்பூச்சின் பங்கு ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்கிரோமீற்றர். அதாவது மனிதரின் தலைமயிரிலும் மெல்லியது. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அப்படையே. அதனை மேலும் வன்மையாக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் நுண்துகள்கள் கலந்த மேற்பூச்சைத் தன் கார்களுக்கு இடத்தொடங்கியது அவற்றுள் ஒன்று. வன்மையான மேற்பூச்சு எளிதிற் கீறுபடாது. கீறுபட்டபின் எளிதில் திருந்தவும் மாட்டாது.

ஆசிரியரின் காரும் வன்மையான பூச்சுடையதே என்பது விரைவில் தெரிந்தது. தொழிலாளர் முதலில் கதவொன்றைக் கழுவி, உலர்த்தி, ஒரு சாண் அகலமான இடத்தில் மென்மையான மெருகுக் களிம்பை இட்டுத் தேய்த்துப் பார்த்தார். கீறல்கள் அசையவில்லை. வன்மையான களிம்பைத் தொடுமுன் மென்மையானதைச் சோதிப்பதே அவர் வழக்கம். பின்னர் பொனற்றிலிருந்த சற்றே நீண்ட கீறலொன்றின் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்தார். நகம் தடக்கி நின்றது.

“இதை எடுக்கேலுமோ, தம்பி?” என்றார் ஆசிரியர்.

“கீறலை ஒருத்தராலும் எடுக்கேலாது, மாஸ்ரர். சுத்திவர இருக்கிற நல்ல பூச்சைத்தான் எடுக்கிறம். கீறலின்ர அடிமட்டத்துக்கு மற்றதெல்லாம் இறங்கினாப்பிறகு, கீறல் போட்டுதெண்டு சொல்லுறம்.”

எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்கு விளக்கம் அளித்தவர், இவ்விளக்கத்தின் முன் வாயடைத்து நின்றார்.

வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய சிறு தடிப்புமானியொன்றைத் தொழிலாளர் வெளியே எடுத்தார். உருக்குத் தகட்டின் மேலுள்ள பூச்சு முழுவதன் தடிப்பையும் அது காட்டும். தனித்தனிப் படைகளைப் பிரித்துக் காட்டாது. கதவுகளில் அது 110, 115 எனக் காட்டியது. பொனற்றில் வைத்தபோது 84 என்றது. விளிம்பருகே 79 என்றது. தொழிலாளர் சிறிதுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர், விற்பனைக்கு வருமுன்னரே யாரோ அப்பொனற்றைப் பொறியினால் வன்மையாகத் தேய்த்துப் பளபளக்கச் செய்துள்ளனர் என்று தம் ஊகத்தைத் தெரிவித்தார். 2018இல் ஆசிரியரைக் கவர்ந்த அந்த மெருகு, காரின் ஆயுளிலிருந்து முற்பணமாக எடுத்துச் செலவிடப்பட்டதாகும். அவர் பணம் கொடுத்தது எஞ்சியதற்கு.

இப்போது தெரிவதற்கு வழிகள் மூன்று இருந்தன. கீறல் யாவும் மறையும்வரை தேய்க்கலாம். ஆயின் மேற்பூச்சு அங்கங்கே அற்றுப்போய் நிறப்படை வெளிப்படவும், வெயில் அதனைச் சில ஆண்டுகளில் உரித்துவிடவும் கூடும். அன்றேல், கீறல்களை அடைத்து மறைக்கும் எண்ணெய்ப்பசை கொண்ட மெருகைப் பூசலாம். சில தடவை கழுவும்வரை கார் புதிதுபோல் மின்னும். மூன்றாவது, இயன்றதைத் திருத்தி, இயலாததை விட்டுவிடல்.

“விக்கிறதெண்டால் சொல்லுங்கோ, ரெண்டாவது வழி போதும்,” என்றார் தொழிலாளர்.

“இல்லைத் தம்பி, வைச்சிருக்கப் போறன்.”

வேலை இரு நாள்கள் நடைபெற்றது. வேப்பமரத்தின் கீழன்றிக் கொட்டகையினுள்ளே காரை நிறுத்திக் கழுவி, பூச்சில் ஒட்டிய பிசினையும் இரும்புத்துகளையும் பிசைகளி போன்ற ஒரு பொருளால் உருவியெடுத்தார் தொழிலாளர். பூச்சு மெலிந்திருக்கும் விளிம்புகளையும் மடிப்புகளையும் நாடாவால் மூடினார். கதவுகளில் கம்பளி வட்டும், கராஜ்களில் கொம்பவுண்ட் என வழங்கும் தேய்ப்புக் களிம்பும் பயன்பட்டன; அதன்பின் நுரைவட்டினால் மென்மெருகு இடப்பட்டது. தகடு சூடேறுகின்றதா என்பதைப் புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பார்த்தார். களிம்பின் எண்ணெய் கீறல்களை மறைத்துப் பொய்சொல்லாதிருக்கும் பொருட்டு, நீர் கலந்த மதுசாரத்தால் துடைத்த பின்னரே விளக்கொளியில் சோதித்தார். பொனற்றில் மாத்திரம் கம்பளி வட்டைத் தொடவில்லை. மென்மெருகு ஒருமுறை, அவ்வளவே. இறுதியில் மானி 83 என்றது. சிலந்திவலையின் பெரும்பகுதி மங்கிற்று. நகம் தடக்கிய நீண்ட கீறலோ இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கூர்விளிம்புகள் சற்று மழுங்கியமையால் முன்போல் கண்ணைக் குத்தவில்லை.

புறப்படுமுன் தொழிலாளர் கூலியை வாங்கிக்கொண்டு, கொடியில் உலர்ந்த வேட்டித் துண்டைச் சுட்டிக்காட்டி, அதனை அடுப்படிக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். தூசி படிந்தால் படியட்டும்; தொடாத தூசி கீறாது. கழுவும்போது இரு வாளிகள் வேண்டும்: ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் துணியின் மணலை அலசுவதற்கு வெறுநீர். சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த குடாநாட்டின் கிணற்றுநீர் வெயிலில் உலர்ந்தால் வெண்புள்ளிகளை விட்டுச்செல்லுமாதலின், நீர் காயுமுன் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அவர் கூறியவை இவ்வளவே.

மறுநாட் காலையில் தேநீர் அருந்தியதும் ஆசிரியர் வழக்கம்போல் முற்றத்துக்கு வந்தார். பொனற்றில் மெல்லிய தூசி படிந்திருந்தது. கை தன்னையறியாமல் கொடிப்பக்கம் நீண்டது. அங்கே துண்டு இல்லை. சிறிது நேரம் காரின் அருகே வாளாநின்றார். அன்பு என்பது இடையறாது கைபடுதலே என எண்ணிப் பழகியவர்க்குக் கையை விலக்கி நிற்பது எளிதன்று. வெயில் ஏறியது. நீண்ட கீறல் ஒருகணம் மின்னி மறைந்தது. மனைவி உள்ளிருந்து அழைத்தார். அன்று வைத்தியசாலைக்குச் செல்லும் நாள். தூசியுடனேயே காரை வெளியே எடுத்தார்.