“பையா!” என்றழைத்த பிழை

சென்ற ஆண்டு பாரிஸ் மாநகருக்குப் பிரயாணம் போயிருந்தபோது, பத்தாவது வட்டாரத்திலே, சேன் மார்த்தேன் கால்வாய்க்கு அண்மையிலுள்ள ஒரு சிறிய உணவுச்சாலையில் பகலுணவு கொள்ள நேர்ந்தது. இவ்விதச் சாலைகளை அந்நாட்டார் “பிஸ்த்ரோ” என்பர். அவை செல்வர்க்கென அமைந்த ஆடம்பர விடுதிகள் அல்ல. அக்கம்பக்கத்துக் குடிகள் நாள்தோறும் வந்து உண்ணும் இடங்கள். துத்தநாகத் தகடு போர்த்திய மேடை, நெருக்கமாக இட்ட சிறு மேசைகள், அன்றைய உணவின் பெயரும் விலையும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்பெற்ற கரும்பலகை ஆகியவையே அதன் அலங்காரம். கட்டடத் தொழிலாளரும் அலுவலகக் கணக்கரும் தோளோடு தோள் உரச உண்டுகொண்டிருந்தனர்.

பரிமாறுபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அவர் என்னைக் கடந்து சென்றபோது, நம்மூர் வழக்கப்படி விரலைச் சொடுக்கினேன். அவர் திரும்பவில்லை. எங்கோ படித்த நினைவில், “கார்சோன்!” என்று உரக்கக் கூவினேன். பக்கத்து மேசையார் ஏறிட்டுப் பார்த்தனரேயன்றி அவர் வந்தாரில்லை. என் நிறத்தைக் கண்டு இகழ்கின்றனரோ என்று உள்ளம் கொதித்தது.

அப்பொழுது அருகிலிருந்த மூதாட்டியார் ஒருவர் ஆங்கிலத்தில் மெல்லக் கூறினார்: “ஐயா, முதலில் அவருக்கு வணக்கம் சொல்லுங்கள். கார்சோன் என்றால் பையன் என்று பொருள். முற்காலத்தில் அப்படி அழைத்தார்கள். இப்பொழுது அது மரியாதையன்று.”

வெட்கத்தோடு, “போன்ழூர், மெஸ்யே” என்றேன். “வணக்கம், ஐயா” என்பது அதன் பொருள். அக்கணமே அவர் முகமலர்ந்து வந்து, பலகையில் இருந்தவற்றைப் பொறுமையுடன் விளக்கினார். பொரித்த கோழியும் உருளைக்கிழங்கும் வந்தன. ரொட்டிக் கூடைக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் தனி விலை இல்லை.

நிற்க. பரிமாறும் ஊதியமும் உணவின் விலையிலேயே அடங்கியிருத்தல் வேண்டுமென்பது 1987ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு விதி. மனம் விரும்பினோர் சில்லறை வைத்துச் செல்லலாம். வையாதார் மீது குறையில்லை. பரிமாறுதல் அங்கே ஒரு தொழில், இரத்தல் அன்று.

இவ்வெண்ணம் தோன்றிய அளவில், வாயிலிட்ட கவளம் தொண்டையில் நின்றது. என் தந்தையார் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முப்பது ஆண்டு பரிமாறியவர். பள்ளி விட்டதும் அக்கடையின் மூலையில் அமர்ந்து பாடம் படிப்பேன். அவர் தலை நரைத்த பின்னும், மீசை அரும்பாத இளைஞர்கள், “டேய் பையா, தண்ணி கொண்டா!” என்று அதட்டுவர். அவர் சிரித்துக்கொண்டே ஓடுவார்; நான் புத்தகத்துள் முகம் புதைப்பேன். அந்தோ! அவ்வதட்டலைக் கேட்டு மனம் நொந்து வளர்ந்த நானே, கையிற் பணம் சேர்ந்ததும் அதே விரலைச் சொடுக்கினேனே! பிறர் என்னை இகழ்ந்தனரோ என்று ஐயுற்ற எனக்கு, நான் பிறரை இகழ்ந்தது தெரியாமற் போயிற்றே!

ஊர் திரும்பிய மறுவாரம், ஈப்போவில் ஒரு கடைக்குச் சென்றேன். பரிமாற வந்தவரை நோக்கி, “வணக்கம், அண்ணே” என்றேன். வேறு யாருக்கோ சொல்கிறேன் என்றெண்ணி அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே எவருமில்லை.

அன்பர்களே, அந்த ஒரு பார்வைக்கு நாம் என்ன விடை கூறப்போகிறோம்?