படத்தின் பின்புறத்துப் பெயர்

வெளியூர் சென்று திரும்பிய ஒரு குடும்பத்தின் நிழற்படங்களைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலான படங்களில் ஒருவர் மட்டும் காணப்பட மாட்டார். அவர்தாம் படம் எடுத்தவர். தந்தை எடுத்தால் தந்தை இல்லை. தாய் எடுத்தால் தாய் இல்லை. கையை நீட்டித் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும் பழக்கம் இக்குறையை ஓரளவு தீர்த்தது. ஆனால், அத்தகைய படங்களில் முகங்கள் பெரிதாகி, காணச் சென்ற ஊர் சிறிதாகிவிடுகிறது. வழிப்போக்கர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து வேண்டினாலோ, கோபுரம் விழுந்தால் கால்கள் விழுவதில்லை. கால்கள் விழுந்தால் கோபுரம் விழுவதில்லை. சிறு குறைதான். எனினும் சிறு குறைகளைக் கூர்ந்து நோக்குவோரிடமிருந்தே புதிய கருவிகள் பிறக்கின்றன.

பினாங்கு இளைஞர் ஒருவர் அவ்வாறு கூர்ந்து நோக்கினார். தமிழ்ப்பள்ளியில் கல்வியைத் தொடங்கிக் கணினித் துறையில் பட்டம் பெற்றவர் அவர். அவர் வாழும் ஜார்ஜ் டவுன் நகரம், 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2012ஆம் ஆண்டு லித்துவேனிய நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், ஆர்மீனியன் தெருச் சுவரொன்றில் மெய்யான மிதிவண்டி ஒன்றைப் பொருத்தி, அதன்மீது இரு குழந்தைகள் செல்வதாக ஓர் ஓவியம் தீட்டினார். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பயணிகள் வரிசையில் காத்து நிற்பர். அதே நகரில், திருமணங்கள் குறைந்த மாதங்களில் போதிய பணியின்றி இருக்கும் நிழற்படக் கலைஞர்களும் உள்ளனர். ஒருவருக்குப் படம் வேண்டும். மற்றவருக்குப் பணி வேண்டும். ஒரே தெருவில் நடந்தும் இருவரும் ஒருவரையொருவர் அறியார். அவர்களைச் சேர்த்துவைக்கும் செயலி ஒன்றை வடிவமைக்க இளைஞர் முனைந்தார்.

இவ்வெண்ணம் உலகிற்கு முற்றிலும் புதிதன்று. கனடாவில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஃபிளைட்டோகிராபரும், இந்தோனேசியாவில் 2017ஆம் ஆண்டு தோன்றிய சுவீட் எஸ்கேப்பும் இத்தகைய பணியை மேற்கொண்டவையே. மலேசியாவில் 2012ஆம் ஆண்டு மைதெக்சி என்னும் பெயரில் தொடங்கி, பின்னர் கிராப் என வளர்ந்த நிறுவனம், முன்பின் அறியாத இருவரைக் கைப்பேசி வழியாகச் சேர்க்க இயலும் என்பதை மக்களுக்குப் பழக்கிவிட்டது. ஆயினும், வாடகை வண்டி வேறு, நிழற்படம் வேறு. சேரவேண்டிய இடத்தில் இறங்கியதும் வண்டிப் பயணம் முடிந்துவிடும். படமோ ஒரு வீட்டுச் சுவரில் நாற்பது ஆண்டுகள் தொங்கக்கூடியது.

இளைஞர் முதலில் வரைந்தது திரையின் தோற்றத்தைத்தான். எங்கே நீல வண்ணம், எங்கே பொத்தான், எத்தனை பக்கங்கள் என்று பலநாள் உழைத்து வரைந்தார். வரைந்ததைத் தம் பெரியப்பாவிடம் காட்டினார். அப்பெரியவர் ஒரு காலத்தில் லிட்டில் இந்தியாவில் சிறு நிழற்பட நிலையம் நடத்தியவர். ஒரு சுருளில் முப்பத்தாறு படங்களே எடுக்க முடிந்த காலத்தில், ஒன்றையும் வீணாக்காமல் எடுக்கக் கற்றவர். இருட்டறையின் செவ்வொளியில் வெள்ளைத்தாள்மீது முகங்கள் மெல்ல எழுந்து வருவதைக் கண்டவர். அவர் வண்ணங்களைப் பார்க்கவில்லை. மூன்று வினாக்களை மட்டும் கேட்டார்.

"எத்தனை மணிக்குத் தம்பி அவர்களை வரச் சொல்வாய்?" என்பது முதல் வினா. பயணிக்கு ஓய்வுள்ள நேரம் எதுவோ அந்நேரம் என்றார் இளைஞர். பெரியவர் சிரித்தார். பினாங்கு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து பாகையில் உள்ளது. இங்குக் கதிரவன் விரைவில் மேலேறிவிடும். அன்றியும், 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பெற்றன. அதனால் இங்குப் பொழுது புலர்வதே காலை 7 மணிக்கு மேல்தான். கதிரவன் உச்சியை அடைவது பிற்பகல் 1 மணிக்கு மேல். நண்பகல் 12 மணியை உச்சிப்பொழுது என்று எண்ணி, 2 மணிக்கு வெயில் தணிந்திருக்கும் என்று வரும் வெளிநாட்டார் கண்களைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பர். புருவத்தின் நிழல் கண்ணை மறைக்கும். அவ்வேளையில் மக்கள் 'அஞ்சடி' என்று வழங்கும் கடைமுன் நடைபாதைக்கு அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே தூண்களுக்கிடையே மென்மையான ஒளி கிடைக்கும். இஃது உள்ளூராருக்குத் தெரியும். தொலைவிலிருந்து வருவோர்க்குத் தெரியாது. ஆகவே, நாள்தோறும் கதிரவன் எழும் நேரமும் மறையும் நேரமும் காட்டி, நல்ல ஒளியுள்ள வேளைகளை முதலில் பரிந்துரைக்கும் நாட்காட்டி ஒன்று செயலியில் இடம்பெற்றது.

இடம் பற்றிய அறிவும் அத்தகையதே. குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு முதல் நிலைபெற்றிருக்கும் மகா மாரியம்மன் கோயிலில் எங்கு நிற்கலாம், எங்குப் படக்கருவியைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்பதை நிலப்படம் சொல்லாது. கடல்மீது மரத்தூண்களில் நிற்கும் சீனக் குலத்தாரின் படகுத்துறைக் குடியிருப்புகள் பயணிக்குக் காட்சி, அங்குள்ளவர்க்கு வீடு. உலர்த்திய துணிகளையும் உணவருந்தும் முதியவரையும் கேளாமல் படம் எடுத்தல் முறையன்று. உள்ளூர்க் கலைஞர் கதவருகே நின்று ஒருசொல் கேட்பார். அந்த ஒருசொல்லுக்காகவே அவர் தேவைப்படுகிறார்.

"மழை வந்தால் யாருக்கு நட்டம்?" என்பது இரண்டாம் வினா. இதற்குள்தான் கணக்கு அடங்கியிருந்தது. எடுத்துக்காட்டாக, ஒருமணி நேரப் படப்பிடிப்பிற்கு 300 ரிங்கிட் எனக் கொள்வோம். செயலி நூற்றுக்கு 20 எடுத்துக்கொண்டால் கலைஞருக்குக் கிடைப்பது 240. ஆனால் அவர் உழைப்பு ஒருமணி நேரமன்று. படங்களைத் தெரிந்தெடுத்துத் திருத்த மூன்று மணி நேரம் ஆகும். போக்குவரத்துச் செலவும் உண்டு. மழையால் பயணி வாராதொழிந்தால், அந்த 240உம் இல்லை. பயணிக்கோ ஒரு மாலைப்பொழுது போனது. கலைஞருக்கு அன்றைய வருமானமே போனது. இளைஞர் இதன்பின் விதிகளை மாற்றி அமைத்தார். முன்பணத்தைச் செயலி பெற்றுப் பாதுகாக்கும். படங்கள் பயணியின் கைக்குச் சேர்ந்ததும் கலைஞருக்கு வழங்கும். மழையென்றால் வேறு நாளுக்கு மாற்றலாம். மாற்ற இயலாதவர் கட்டணத்தில் ஒரு பகுதி கலைஞரைச் சேரும். மதிப்பீட்டு விண்மீன்களும் திருத்தப்பெற்றன. வானம் கறுத்ததற்காகக் கலைஞர் ஒற்றை விண்மீன் பெறுதல் நேர்மையன்று. எனவே மதிப்பிடுவோர் காரணத்தையும் எழுத வேண்டும். கலைஞரும் பயணியை மதிப்பிடலாம் என்று வகுத்தார்.

மூன்றாம் வினாவைக் கேட்குமுன் பெரியவர் பெட்டியொன்றிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அதன் பின்புறத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை: நிலையத்தின் பெயர், தெரு, ஆண்டு. "உன் கருவியில் எடுத்தவன் பெயர் எங்கே இருக்கும்?" என்று கேட்டார்.

இவ்வினாவே இளைஞரை உறங்கவிடாமல் செய்தது. ஏனெனில், அதற்கு முன்வாரந்தான் அவரது முயற்சிக்குப் பணம் இட முன்வந்த நண்பர் மாறான அறிவுரை கூறியிருந்தார். கலைஞரின் பெயரையும் தொடர்பையும் மறைத்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்தமுறை பயணி நேரே அவரிடம் சென்றுவிடுவார். செயலிக்கு வருவாய் இராது என்பது அவர் வாதம். வணிக நோக்கில் அது பொருளற்ற வாதமன்று. நண்பரின் பணம் இல்லையேல் செயலி பாதியில் நிற்கும்.

உரிமை பற்றிய சட்டமும் எளிதன்று. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணித்தவரையே சேரும். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாதவரை, அதனைப் படம் எடுத்தவருக்கே வழங்குகிறது. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் உரிமை கைமாறுகிறது! ஆதலின், படம் யாருடையது, கலைஞர் அதனைத் தம் விளம்பரத்திற்குக் காட்டலாமா, குழந்தைகளின் முகங்கள் வெளிவரலாமா என்பனவற்றை இருவரும் முன்னரே எளிய சொற்களில் ஒப்புக்கொள்ளும் பக்கம் ஒன்று சேர்க்கப்பெற்றது. தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென 2010ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமும் மலேசியாவில் உள்ளதன்றோ?

பெயரைப் பொறுத்தவரை இளைஞர் ஒரு முடிவுக்கு வந்தார். செயலி வழியாகச் செல்லும் ஒவ்வொரு படத்தோடும் எடுத்தவரின் பெயரும் ஊரும் செல்லும். பயணி மறுமுறை நேரே அவரைத் தேடிச் சென்றால் செல்லட்டும் என்றார். நண்பர் முதலீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்போது செயலி சில கலைஞர்களோடு மட்டும் சோதனை அளவில் இயங்குகிறது. பகலில் வேறொரு நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர், இரவில் இதனைத் திருத்துகிறார். இது தழைக்குமா, தளருமா என்பதை இன்று யாரும் உறுதியாகக் கூற இயலாது.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தைத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கற்கின்றனர். அட்டையை வெட்டி ஒட்டியும், வரைபடம் வரைந்தும், வண்ணம் தீட்டியும் மகிழ்கின்றனர். அதனை ஆசிரியர்கள் பாராட்டத்தான் வேண்டும். அத்துடன், இதனை யார் பயன்படுத்துவர், இதனால் யார் பிழைப்பர், தவறு நேர்ந்தால் சுமை யார் தோளில் விழும் என்னும் வினாக்களையும் அவர்கள் கேட்கப் பழகினால் நன்று. அந்த இளைஞருக்கு இவ்வினாக்களைக் கற்பித்தவர் செயலி எதனையும் அறியாத ஒரு முதியவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒளியும், மழையும், தாம் செய்த வேலையின் கீழ்த் தம் பெயரை இடும் வழக்கமுமே.