ஆயிரம் ஆட்டம், அதே தப்பு

பிள்ளைகளே, ஒரு நாளைக்கு இருபது, முப்பது செஸ் ஆட்டம் கைப்பேசியில் ஆடுகிறீர்கள். மூன்று நிமிட ஆட்டம். தோற்றால் மூச்சு விடுவதற்குள் அடுத்தது. வருடம் ஒன்று ஓடிய பிறகும் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கிறது. "இவ்வளவு ஆடியும் ஏன் தாத்தா ஏறவில்லை?" என்று கேட்கிறீர்கள். இவ்வளவு ஆடியதும் ஒரு காரணம் என்றால் கோபப்படாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் செஸ் பழகும் பையன் முதலில் பிடித்துக்கொள்வது நாலு நகர்த்தலில் மேட் வைக்கும் வித்தையை. ராணியை ஓடவிட்டு, பிஷப்பைத் துணைக்கு நிறுத்தி, ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத அந்த ஒற்றைச் சிப்பாயை வெட்டினால் கதை முடிந்தது. வகுப்பில் பத்துப் பேரை இப்படி விழுங்கலாம். மாவட்டப் போட்டிக்குப் போனால் எதிரே இருப்பவன் பதறாமல் ஒரு சிப்பாயை முன்னே தள்ளுவான், ராணி பின்வாங்கும். அடுத்து குதிரையை வெளியே எடுப்பான். நம் பையன் ராணியைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவனுடைய படை முழுக்கக் களத்தில் இறங்கிவிடும். வகுப்பில் ஜெயித்த பத்து ஆட்டமும் பையனுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. தப்பான பழக்கத்துக்குப் பத்து முறை பரிசு கொடுத்தன, அவ்வளவுதான்.

மூன்று நிமிடத்தில் யோசிக்க நேரமில்லை. கைக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கை ஆடுகிறது. அதே தொடக்கம், அதே பொறி, அதே இடத்தில் அதே சறுக்கல். தெரிந்ததைத் திரும்பச் செய்தால் வேகம் கூடும். தெரியாதது எப்படித் தெரிய வரும்?

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நீல் சார்னஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய செஸ் தரத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்தி வந்தது தனியாக உட்கார்ந்து பலகையைப் படித்த நேரம்தான். போட்டிகளில் ஆடிய நேரம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அதற்காக மணிக்கணக்கை மட்டும் நம்பியும் இருந்துவிடக் கூடாது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கோபேவும் காம்பிடெல்லியும் 2007இல் எழுதியதைப் பாருங்கள்: மாஸ்டர் தரத்தைத் தொட ஒருவருக்கு ஏறக்குறைய 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000க்கும் மேல் பிடித்தது. எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பெற்றோர் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

"ஆனந்த் சின்ன வயதில் வேக ஆட்டம்தானே ஆடினார்?" என்று மடக்குவீர்கள். ஆடினார், மறுக்கவில்லை. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில் ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையில் போய் நிற்பான். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 1970களின் கடைசியில் அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் மதியம் செஸ் புதிர் போடுவார்கள். பையன் பள்ளியில் இருக்கும் நேரம் என்பதால் அம்மா சுசீலா அதைக் குறித்துவைப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் பலகையை வைத்து விடை தேடி அனுப்புவார்கள். பரிசு புத்தகம். கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே, "வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவரின் கை வேகத்துக்குப் பின்னால் அந்தப் புதிர்களும் புத்தகங்களும் இருந்தன. நீங்கள் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் தலைமுறைக்கு, அதிகம் செய்தால் மட்டும் கை தேறாது என்பது புதிதில்லை. பாலோடும் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி மேலோடு போனால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வேடிக்கை என்னவென்றால், காயம் போட்ட அன்றைக்குப் பால் குறையாது. சில வருடம் கழித்து, வளர்ந்த பட்டையை மறுபடி வெட்ட வரும்போதுதான் மரம் கணக்குக் கேட்கும். அதனால்தான் வேலையை மேற்பார்க்கும் நல்ல தண்டல் வாளியில் இருக்கும் பாலோடு நிற்காமல், நிரைக்குள் வந்து பட்டையையும் தடவிப் பார்த்தார். முப்பது வருடம் வெட்டியும் காயம் போட்டுக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. இரண்டே வருடத்தில் வழவழவென்று சீவியவர்களும் உண்டு. கத்தி பிடித்த வருடங்களைச் சொல்லி யாரும் அங்கே பேர் வாங்கவில்லை.

செஸ்ஸில் அந்தப் பட்டையைப் பார்க்கும் கண் யாருடையது? உலகச் சாம்பியனாக இருந்த சோவியத் ஆட்டக்காரர் போத்வின்னிக் தன் ஆட்டங்களைத் தானே அலசி, குறிப்போடு அச்சில் போடுவார். தப்பு இருந்தால் அடுத்தவர் காட்டட்டும் என்று. கார்போவ், கஸ்பரோவ், கிராம்னிக் எல்லாரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

இப்போது தப்பைக் காட்ட கணினி இருக்கிறது. லிசெஸ் இணையதளத்தில் காசே வாங்காமல் காட்டுகிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். 2024 டிசம்பர் 12இல், நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில், டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நெடுநாள் கணினி பக்கமே போகவிடாமல் வளர்த்தார். எது தப்பு என்று இயந்திரம் சொல்லிவிடும். அந்த நேரத்தில் அது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்பதைச் சொல்லாது. அதை நீங்கள்தான் தேட வேண்டும். நீண்ட நேர ஆட்டப் போட்டிகளில் நகர்த்தல்களை எழுதிக்கொண்டே ஆட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தத் தாள் பெட்டிக்குள் தூங்குவதற்கு இல்லை.

பொழுதுபோக்குக்காக ஆடுகிறவன் ஆடட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. கோப்பிக் கடையில் தாம் பலகை ஆடிய பெருசுகள் யாரும் சாம்பியன் ஆகவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அதற்குப் பயிற்சி என்று பேர் வைக்காதீர்கள்.

பயிற்சியாளரைத் தேடி ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வசதி இல்லை என்பது உண்மையான சிரமம்தான். ஆனாலும் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு தொடக்கம் கிடைக்கும். ஆளுக்கு அரை மணி வைத்து ஓர் ஆட்டம் ஆடுங்கள், எழுதிக்கொண்டே. முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். தோற்றவன் எங்கே பயந்தான், ஜெயித்தவன் எதைக் கவனிக்காமல் தப்பித்தான் என்று சேர்ந்து பாருங்கள். ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும் மிஞ்சி, எதிரே தனி ராஜா மட்டும் நின்றால் எப்போது வெற்றி, எப்போது சமன் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தெரிந்துகொள்ளுங்கள். வேக ஆட்டக்காரர்கள் பலர் அங்கேதான் விழுகிறார்கள்.

அடுத்த மாவட்டப் போட்டிக்கு முன்னால் நூறு ஆட்டம் வேண்டாம். பத்து ஆடுங்கள். தோற்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, தப்பு செய்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். சாயங்காலத்தில் நான் வீட்டில்தான் இருப்பேன்.